விளக்கருகே சிரிப்பவள்

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தன் அம்மாவோடு நம் வீட்டுக்கு வந்திருந்த ஸ்டெல்லாவின் மேல், உனக்கு நிச்சயமாகியிருக்கும் பெண்ணின் மேல், நனைந்த கோணியை நான் ஏன் வீசினேன் என்று நீ இன்னும் என்னிடம் கேட்கவில்லை. அன்று நீ கேட்டது வேறு கேள்வி. "அப்பா, உங்களுக்கு மூளை குழம்பிப் போச்சா?" என்றாய். பதில் சொல்ல முடியாதபடி என் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய். அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நீ வேலை செய்யும் அச்சகத்தின் மாடிக்குக் குடிபோய்விட்டாய். மறுநாள் ஸ்டெல்லாவின் அம்மா திருவொற்றியூரிலிருந்து சொல்லியனுப்பினாள். ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று பேசியதை மறுபடி யோசிக்க வேண்டுமாம். சித்தம் சரியில்லாத மாமனார் இருக்கும் வீட்டுக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்விதான். உன் கல்யாணம் நின்றுபோனால் அது என் கையால் நின்றதாக இருக்கும். அந்தப் பயத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

தபாலில் அனுப்பினால் நீ பிரிக்க மாட்டாய். பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆகவே நீ வாராவாரம் வாங்கும் பத்திரிகைக்கே இதைக் கொடுத்திருக்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். நம்மைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள், கண்டுபிடிக்கட்டும். நீ வரைந்த அடுப்புப் படம் இன்னும் கொஞ்ச நாளில் பட்டணத்துச் சுவர்களிலெல்லாம் ஏறப்போகிறது. ஊர் பார்க்க நீ ஒன்றைச் செய்யலாம் என்றால் ஊர் பார்க்க நான் ஒன்றைச் சொல்லலாம்.

அன்று நடந்ததை நீ உன் இடத்திலிருந்து பார்த்தாய். என் இடத்திலிருந்து பார். கூடத்து மேசை மேல் அந்தப் பித்தளைப் பம்ப் ஸ்டவ் பளபளவென்று நிற்கிறது. விளம்பரப் படம் வரைந்ததற்காக அடுப்புக் கம்பெனிக்காரன் உனக்கு இனாமாகக் கொடுத்தது. உன் புதுக் குடித்தனத்துக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாய். அதற்குப் பின்னால் சுவரில் உன் படத்தின் முதல் அச்சு குத்தியிருக்கிறது. படத்தில் ஒரு பெண், இளஞ்சிவப்பு நைலான் புடவை, முந்தானை காற்றில் பறக்கிறது, அடுப்பின் மேல் குனிந்து பல் தெரியச் சிரிக்கிறாள். முன்னால் ஸ்டெல்லா நிற்கிறாள். அதே நைலான் புடவை, நீ வாங்கிக் கொடுத்தது. "படத்துல இருக்கிற மாதிரியே நில்லு, ஸ்டெல்லா. முந்தானையைச் செருகாத. இப்ப கொஞ்சம் குனி. சிரி" என்கிறாய் நீ. அவள் அடுப்பைச் சூடேற்றும் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றினாள். தீக்குச்சியைக் கிழித்தாள். குனிந்தாள். சிரித்தாள். முந்தானை தோளிலிருந்து நழுவி அடுப்பின் பக்கமாக இறங்கியது.

காலையிலேயே நான் கோணியை நனைத்துப் பின்கட்டு வாளியில் போட்டு வைத்திருந்தேன். இத்தனை வருஷம் எண்ணெய் டிப்போவில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவனுக்கு அது பழக்கம். அங்கே ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் மணல் வாளியும் நனைந்த கோணியும் இருக்கும். எப்படி எடுத்தேன், எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அந்தப் பெண் தலையிலிருந்து இடுப்பு வரை கோணிக்குள் இருந்தாள். தீக்குச்சி அவள் கையிலேயே அணைந்துபோயிற்று. வேறெதுவும் எரியவில்லை. அது எனக்கும் தெரிந்தது, ஆனால் கோணியைப் பிடித்த கை விடவில்லை.

"இன்னாங்க இது! வாழ வர்ற பொண்ணு மேல கோணியப் போட்டு அமுக்கறீங்கோ! அவளை இன்னா மீன் கூடைன்னு நெனச்சிக்கினீங்களா?" என்று சம்பந்தி அம்மாள் கத்தினாள். உன் அம்மா ஓடிவந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "ஒண்ணுமில்ல சம்பந்தி, நெருப்பக் கண்டா இவரு பேஜாராயிடுவாரு. நீ வாம்மா, தலய தொடச்சி வுடறேன்" என்றாள். நீ சுவரோடு சாய்ந்து என்னைப் பார்த்தாய். பெற்ற பிள்ளை அப்படிப் பார்க்கக் கூடாது.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். உன் மாடி அறையில் இப்போது தொங்குகிறதே ஒரு பிரெஞ்சுப் படம், நீ சிலேட்டுக் காலத்திலிருந்து பார்த்துப் பார்த்து வரையக் கற்றுக்கொண்டது, அது நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. தண்டையார்பேட்டை டிப்போவில் மேலாளராக இருந்த துரை கொடுத்தது. பி.ஏ. தேறியவன் அந்த ஆபீசில் நான் ஒருவன்தான். துரைக்கு வரும் கடிதங்களுக்கு முக்கால்வாசி பதில் எழுதியவன் நான். அவர் சீமைக்குத் திரும்பும்போது சூப்பிரண்டெண்டு நாற்காலி எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நாற்காலி எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவனுக்குப் போயிற்று. அவன் மாமனார் துரையோடு டென்னிஸ் ஆடுகிறவர். எனக்கு ஒரு நீளத் தகரக் குழாயைக் கொடுத்தார் துரை. உள்ளே சுருட்டிய படம். அவர் மனைவி பாரிஸில் படித்தவள், அவள் வீட்டுச் சாமான். "எண்ணெய்க்காரன் வீட்டில் இருக்க வேண்டிய படம் இது" என்று சொல்லிக் கையைக் குலுக்கினார். இருபது வருஷத்துக்குப் பக்கமாக ஆகிறது. இன்றைக்கும் அந்தக் கைகுலுக்கலை நினைத்தால் உள்ளங்கை கசக்கிறது.

படம் மண்ணெண்ணெய் விளம்பரம். மஞ்சள் உடை உடுத்திய ஒரு வெள்ளைக்காரி, தோள் திறந்திருக்கிறது, சிவப்பு மூடி போட்ட பெரிய மேசை விளக்கின் மேல் குனிந்து திரியைத் திருகுகிறாள். வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடிக்கிறது. சிரிக்கிறாள். கீழே இருந்த எழுத்துக்களுக்குத் துரை எனக்குப் பொருள் சொன்னார்: பத்திரமான எண்ணெய், வெள்ளை எண்ணெய், நாற்றமில்லாத எண்ணெய், தீப்பற்றாத எண்ணெய். "தீப்பற்றாது என்றால் விளக்கு எப்படி எரியும், சார்?" என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எண்ணெய் வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் புரிகிற வேடிக்கை அது. அன்று நானும் சிரித்தேன்.

வரைந்தவரைப் பற்றிப் பிறகு எழும்பூர் நூலகத்தில் தேடிப் படித்தேன். அவர் போன நூற்றாண்டுக்காரர். அச்சுக் கோக்கும் தொழிலாளியின் பிள்ளை. பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. பதின்மூன்று வயதில் கல்லில் வரைந்து அச்சடிக்கும் கல்லச்சுக்காரன் ஒருவனிடம் வேலைக்கு விட்டார்கள். உன்னைப் போலவே கல்லின் மேல் எழுத்துக்களை இடவலம் மாற்றித் தீட்டித் தீட்டிக் கை பழகியவர். லண்டனுக்குப் போய் அலைந்து, திரும்பிவந்து, ஆள் உயரத்துக்கு வண்ணச் சுவரொட்டிகள் போட ஆரம்பித்தார். நாடகம், நடனம், மது, மருந்து, மண்ணெண்ணெய், எதற்கென்றாலும் ஒரு பெண் வேண்டும், அவள் சிரிக்க வேண்டும். பசை காய்வதற்குள் ஜனங்கள் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு போனார்களாம். பிரெஞ்சு அரசாங்கம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. எனக்கு அவர் மேல் பொறாமை உண்டு, மறைக்க மாட்டேன். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் தெரியாமல் போயிற்று என்றும் போட்டிருந்தது. அதற்கும் நான் சொல்லப்போவதற்கும் சம்பந்தமில்லை. கண் யாருக்கும் போகலாம். ஒரு நடிகையை நிற்க வைத்து அந்தப் பெண்களையெல்லாம் வரைந்தார் என்று படித்தேன். அவள் நின்றபோது பக்கத்தில் விளக்கு நிஜமாகவே எரிந்ததா என்று புத்தகத்தில் இல்லை. நான் அதைத்தான் தேடினேன்.

அந்தப் படம் வருவதற்கு முன் உன் அம்மா எப்படி விளக்கேற்றுவாள் தெரியுமா? விளக்கைத் தரையில் வைப்பாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். குந்தி உட்கார்ந்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் குச்சியைக் காட்டுவாள். பாம்புக்குப் பால் வைக்கிறவள் போல இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். ராயபுரத்துப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் ஏற்றினார்கள். படத்தைக் கூடத்தில் மாட்டிய பிறகு அவள் மாறினாள். முதலில் விளையாட்டாக, என்னைச் சிரிக்க வைக்க. விளக்கு மேசைக்கு ஏறியது. நின்றபடி குனிந்து, தலையைச் சாய்த்து, முந்தானையைத் தொங்கவிட்டு ஏற்றுவாள். "தொரசாணி கணக்கா கீறேனா, இல்லியா? சொல்லுய்யா" என்பாள். அழகாகத்தான் இருந்தாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. எல்லாருக்கும் அழகாகத் தெரிகிற ஒன்றை யாரும் ஆபத்து என்று நினைப்பதில்லை.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போடுவான் என்று ஊரே ஓடியது. உன்னைத் தெற்கே அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். டிப்போ வேலையை அத்தியாவசியம் என்று எழுதி என்னை நகர விடவில்லை. உன் அம்மா என்னை விட்டு நகரமாட்டேன் என்றாள். மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. எண்ணெய் டிப்போவில் வேலை, வீட்டில் விளக்குக்கு எண்ணெய் இல்லை. அப்போது உன் சூசை மாமா, உன் அம்மாவின் தம்பி, அதே டிப்போவில் டின் நிரப்பும் கொட்டகையில் இருந்தான். நிரப்பி முடிந்த டின்களைக் கவிழ்த்து வைத்து, அடியில் சொட்டுவதை ஒரு தட்டில் பிடித்துப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது கொட்டகைக்காரர்களின் வழக்கம். அதைத் திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. மண்ணெண்ணெய் டின், பெட்ரோல் டின் இரண்டும் அவசரத்தில் ஒரே கொட்டகைக்கு வந்துவிட்ட நாட்கள் அவை. எல்லாம் ஒரே தட்டில் சொட்டியது.

சூசை ஒரு சாயங்காலம் புட்டியோடு வந்தான். "அக்கா, ஃபஸ்ட் கிளாஸ் சரக்கு. தண்ணி கணக்கா வெள்ளையா கீது பாரு. மாமா அங்கிருந்து ஒரு சொட்டாவது கொண்டாந்திருப்பாரா? பேனா மையத்தான் கொண்டாருவாரு" என்றான். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். அவனோடு எனக்கு எப்போதும் பேச்சு அதிகமில்லை. விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாதென்ற விளக்குத் தடைக்காக ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தோம்; காற்றே கிடையாது. உன் அம்மா விளக்கில் ஊற்றினாள். மேசைக்கு முன்னால் நின்றாள். குனிந்தாள். தம்பி இருக்கிறான் என்று கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. கனத்த துணியை உதறினால் வருமே, அவ்வளவுதான். செய்தித்தாளை இறக்கியபோது அவள் தோளிலிருந்து காது வரை மஞ்சளாக இருந்தது. நான் பின்கட்டுக்கு ஓடினேன். கோணி காய்ந்து கிடந்தது. அதைத் தொட்டியில் முக்கி, முழுக்க நனைந்ததா என்று பார்த்து, கொண்டுவந்து அவள் மேல் போட்டு அணைத்தேன். காய்ந்த கோணி பற்றிக்கொள்ளும் என்று டிப்போவில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதன்படியே செய்தேன். அவள் பிழைத்ததற்கு அதுவே காரணம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஆனால் மகனே, கோணியை நனைக்க எனக்கு ஆன நேரம்தான் உன் அம்மாவின் கழுத்தில் இருக்கிறது. அது சோற்றுக்கஞ்சி கொட்டிய வடு அல்ல. நீ தெற்கிலிருந்து திரும்பி வந்தபோது, உன் மாமாவை நீ வெறுக்கக் கூடாது என்று அவள்தான் கஞ்சி என்று சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சூசையோடு இன்றுவரை நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அவனுக்கு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்களாம். இருக்கட்டும்.

அந்தப் படத்தைக் கிழித்துப் போடப் போனேன். கட்டுப் போட்ட கழுத்தோடு படுத்திருந்த உன் அம்மா விடவில்லை. "படம் இன்னா பண்ணிச்சி? அது பாட்டுக்கு சிரிச்சிகினு கீது. அதுங்கிட்ட போயி சண்ட போடாத" என்றாள். அவள் பேச்சை மீற முடியவில்லை. நீ வந்தாய், அதன் முன்னால் உட்கார்ந்து வரையத் தொடங்கினாய். நல்லாசிரியன் ஒருவனும் உனக்குக் கிடைக்கவில்லை, பணம் கட்டி ஓவியப் பள்ளிக்கு அனுப்ப என்னாலும் முடியவில்லை. அந்தப் பிரெஞ்சுக்காரன்தான் உனக்குப் பாடம் சொன்னான். உன் கை தேறத் தேற எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம்.

உன் அச்சுப் படத்தைப் பார்த்த அன்றே உன்னிடம் சொன்னேன். புடவையைப் பருத்தியாக்கு, முந்தானையைச் செருகு, முகத்தைக் கொஞ்சம் தள்ளி வை என்றேன். நீ பொறுமையாகத்தான் பேசினாய். "அப்பா, பயந்துகிட்டு நிக்கிற பொம்பளையைப் போட்டா அடுப்பை எவன் வாங்குவான்? பாக்கிறவங்களுக்கு சந்தோஷம் வரணும். இது படம்ப்பா, வெறும் படம்" என்றாய். உன் தொழிலை உனக்கு நான் சொல்லித் தர முடியாது. ஆனால் வெறும் படம் என்று ஒன்று கிடையாது என்பதை உன் அம்மாவின் கழுத்துக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய எனக்குத் தெரியும். பருத்தி எரிந்தால் கிழித்து எறியலாம். நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். வண்ணாரப்பேட்டையில், வியாசர்பாடியில், ஒற்றை அறைக் குடித்தனங்களில், உன் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் அவளைப் போலவே மேசைக்கு முன் நின்று பார்ப்பார்கள்? சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதை நான் எண்ண வேண்டியிருக்கும். முதலில் அப்படி நின்று பார்க்கப் போகிறவள் ஸ்டெல்லா. அவளுக்கு அந்தப் புடவை இருக்கிறது, அந்த அடுப்பும் இருக்கிறது, சிரிக்கச் சொல்ல நீயும் இருக்கிறாய்.

நேற்று நானும் உன் அம்மாவும் பஸ் ஏறித் திருவொற்றியூர் போனோம், மன்னிப்புக் கேட்க. நான் யாரிடமும் அப்படிப் போய் நின்றவனில்லை. சம்பந்தி அம்மாள் உட்காரச் சொல்லவில்லை. உன் அம்மா சேலையை விலக்கிக் கழுத்தைக் காட்டி, "இது எண்ண வெளக்கு, சம்பந்தி. கஞ்சி இல்ல" என்றாள். அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "அதுக்குன்னு நாத்தம் புடிச்ச கோணியா? ஒரு நல்ல ஜமுக்காளமாவது எடுத்திருக்கலாமே" என்று முணுமுணுத்தாள். அந்த நாற்காலியை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. பெண் வாயால் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னாள்.

கிளம்பும்போது ஸ்டெல்லா வாசல்வரை வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "உன்னை அவமானப்படுத்திட்டேன், மன்னிச்சுக்கோம்மா" என்றேன்.

"அவமானம்லாம் இல்ல மாமா. கோணி உள்ள இருட்டா இருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. உன் அம்மாதான் கேட்டாள். "இன்னாடி அப்பாடா?"

"எனக்கு அந்த அடுப்பக் கண்டாலே பயம், அத்தை. குச்சிய கிழிக்கறதுக்கு முன்னாடியே கை வெடவெடன்னு ஆடுச்சு. அவரு சிரி சிரின்னாரு. படத்துக்கு நின்னப்பவும் அப்படித்தான். கையப் பாத்தா தெரிஞ்சிருக்கும். அவரு மூஞ்சியத்தான் பாத்தாரு."

இதை நீ அவனிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "ஆசையா வரஞ்சாரு மாமா. நான் சொன்னா வாடிப்போயிடுவாரு. நீங்க வேணா எழுதுங்க" என்றாள். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். திரும்பும்போது பஸ்ஸில் தண்டையார்பேட்டை தாண்டிய பிறகு, உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நானுந்தான் பயந்தேன். நீ சிரிச்சியேன்னு சிரிச்சேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

எனக்கு இப்போது வேறு பயம் பிடித்திருக்கிறது. நீயும் என்னைப் போல, பக்கத்தில் இருக்கிறவளின் சிரிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு ஆயுளைக் கழித்துவிடுவாயோ என்ற பயம். படத்தை மாற்றுவதும் மாற்றாததும் பிறகு. அச்சகத்தில் நீ படம் வரைந்த கல் இன்னும் அழிக்கப்படாமல் இருக்கிறது, அதைத் திருத்துவது உன் கையில். முதலில் திருவொற்றியூருக்குப் போ. சம்பந்தி அம்மாள் கதவைத் திறக்கத் தாமதிப்பாள், நில். ஸ்டெல்லா வந்ததும் உனக்கு என்ன பயம் என்று கேள். அவள் ஒன்றுமில்லை என்று சிரிப்பாள். அப்போது அவள் கையைப் பார்.

உன் அப்பா